அழைப்பிதழ் எழுத்தில் சுருள் எங்கே வரலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் அழைப்பிதழ் அச்சடிக்கும் இடங்களில் அந்த மாதம்தான் வேலை நெரிபடும். தை, மாசி, பங்குனிக் கல்யாணங்களுக்கான அட்டைகள் அப்போதுதான் டிசைனுக்கு வரும். வருகிறவர்களில் பலர் கைப்பேசியில் ஓர் ஆங்கில அழைப்பிதழின் படத்தை வைத்திருப்பார்கள். மணமக்கள் பெயர் கொடி போல ஓடியிருக்கும். "இதே மாதிரி வளைவு நெளிவா, தமிழ்ல வேணும்" என்பார்கள். கேட்பதில் தப்பில்லை, செய்யவும் முடியும். ஆனால் ஆங்கிலச் சுருளெழுத்தின் விதியை அப்படியே தமிழில் ஏற்றினால் பெயரே மாறிப்போகும். ஒவ்வொரு முகூர்த்தப் பருவத்திலும் இது நடக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஆங்கிலத்தில் நாம் பார்த்து மயங்கும் அந்தச் சாய்ந்த எழுத்து, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் எழுத்தாசிரியர்கள் வளர்த்த 'ரவுண்ட்ஹேண்ட்' கையெழுத்து. கூராகச் சீவிய இறகுப் பேனாவைக் கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிப் போகும்போது அழுத்தம் தளர்ந்து மயிரிழை ஆகும். அதன் அழகு முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள் என்பதால் 'காப்பர்பிளேட்' என்றும் பெயர் வந்தது. ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட எழுத்து மாதிரிகள்தான் இன்றைக்கும் பலருக்கு மூலம். ரிச்சர்ட் லிப்டன் 1997இல் வரைந்த 'பிக்கம் ஸ்கிரிப்ட்' அவர் பெயரையே தாங்குகிறது. மேத்யூ கார்ட்டர் 1960களில் வரைந்த 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்', எட் பெங்கியட் 1994இல் செய்த 'எட்வர்டியன் ஸ்கிரிப்ட்' ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இடையில் ஒரு வார்த்தை: 'காப்பர்பிளேட்' வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்குச் சில சமயம் 'காப்பர்பிளேட் காதிக்' போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது நேராக நிற்கும் பெரிய எழுத்துகள் மட்டுமே கொண்ட முகப்பு, அதாவது எழுத்துரு. இந்தக் கையெழுத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

ஆங்கில எழுத்தின் தலையிலோ காலிலோ சுருளை எவ்வளவு நீட்டினாலும் எழுத்து மாறாது. அங்கே சுருள் வெறும் அணி. தமிழில் எழுத்தின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு வளைவு போட்டால் அது இகரம். அந்த வளைவின் நுனியைச் சுழித்தால் ஈகாரம். 'ரவி' என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு அழகாக ஒரு நுனிச்சுழி கொடுத்தால் அது 'ரவீ' ஆகிவிடும். 'ப', 'வ', 'ய' ஆகியவற்றின் வலக் காலைக் கீழே இழுத்தால் உகரம். 'பவித்ரா'வின் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு கொடி விட்டால் மாப்பிள்ளை வீட்டார் 'புவித்ரா' என்று படிப்பார்கள். எகர, ஏகாரமும் ஒகர, ஓகாரமும் இன்னும் நுட்பமானவை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பிரித்துக் கொடுத்த அந்த வேறுபாடு, எ-வின் அடியில் ஒரு சாய்கோடு, ஒ-வின் வாலில் ஒரு சுழி, அவ்வளவுதான். 'எழிலரசி'யின் முதல் எழுத்தில் அடிக்கோடு நீண்டால் 'ஏழிலரசி'. ஆங்கில முகப்பைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தில் வால் ஒட்டுகிற டிசைனர், தெரியாமலேயே உயிர்க்குறி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் தமிழ் எழுத்துக்கு அலங்காரமே கூடாதா என்றால், கூடும்; இடம் பார்த்துச் செய்ய வேண்டும். மிகவும் பத்திரமான இடம் புள்ளி. நம் ஆண்பெயர்களில் எத்தனையோ 'ன்', 'ர்' என்று புள்ளியில்தான் முடிகின்றன. அந்தப் புள்ளியைப் பட்டைப் பேனா வைத்து எடுத்தது போலச் சாய்சதுரமாகவோ, நீர்த்துளியாகவோ, சின்ன மொட்டாகவோ வைக்கலாம், எழுத்து மாறாது. அடுத்தது கொம்பு. சொல்லின் முதலில் வரும் ஒற்றைக்கொம்பின் இடக்கை ஓரம் வெற்றிடம்தான், அங்கே கோட்டை இழுத்து விரிக்கலாம். மேலே சுழித்த இரட்டைக்கொம்போடு குழம்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ழ'வின் வாலையும் இடப்பக்கமாக நீட்டலாம். வலப்பக்கம் சுழித்து ஏறவிட்டால் 'ழு'வின் சாயல் வந்துவிடும். மற்ற அலங்காரத்தை எழுத்துக்கு வெளியே, பெயரின் மேலும் கீழும் தனிக் கொடியாக வைப்பது நல்லது. எழுத்தோடு அரை எழுத்து அகலமாவது இடைவெளி விட்டால் அதை யாரும் குறியாகப் படிக்க மாட்டார்கள்.

சாய்வும் அப்படித்தான். ரவுண்ட்ஹேண்ட் எழுத்து செங்குத்திலிருந்து ஏறக்குறைய 35 பாகை சாய்ந்து ஓடும். தமிழ் எழுத்தை மென்பொருளில் அதே அளவு சாய்த்தால் 'ட', 'ப', 'ம' ஆகியவற்றின் நேர்கால்கள் விழுந்துவிடுவது போலத் தெரியும். வட்டச் சுழிகள் முட்டை வடிவாகி, தடித்த பகுதி தவறான இடத்துக்கு நகரும். 8 முதல் 10 பாகைக்கு மேல் இயந்திரச் சாய்வு கொடுக்காதீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சாய்வாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேட வேண்டும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்த 'கவிவனார்' அப்படிச் சாய்வெழுத்தாகவே பிறந்தது. திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பதால் உரிமச் சிக்கலும் இல்லை. அது ஆங்கிலச் சுருளெழுத்தின் நகல் அல்ல. தடிப்பும் மெலிவும் அவ்வளவு இருக்காது. அதுவே அதன் பலம். பனையோலையில் எழுத்தாணி கீறியபோது கோட்டில் தடிப்பு மெலிவு கிடையாது. நம் எழுத்தின் உருண்டை வடிவம் அந்தச் சீரான கோட்டில் வளர்ந்தது. மயிரிழை இல்லாமலேயே தமிழ் எழுத்து கம்பீரமாக நிற்கும்.

பெயர் அட்டைக்குள் அடங்கவில்லை என்று பக்கவாட்டில் அமுக்குவது இன்னொரு கொடுமை. 'திருவளர்ச்செல்வன்' 10 எழுத்து. அதை 5 அங்குல அட்டையில் பெயரோடு ஒரே வரியில் 24 பாயிண்டில் வைக்கப் பார்த்தால் இடம் போதாது. உடனே கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் பக்கக் கைப்பிடியைப் பிடித்து 75 விழுக்காட்டுக்கு நெருக்குகிறார்கள். நெருக்கும்போது நேர்கோடுகள் மட்டும் மெலியும், படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும். தடிப்பும் மெலிவும் உள்ள எழுத்தில் இது பளிச்சென்று தெரியும். இதற்கு மருந்து எளிது. 'திருவளர்ச்செல்வன்', 'திருநிறைச்செல்வி' என்ற முன்னொட்டுகளைத் தனி வரியில் 12 பாயிண்டில் சாதாரண எழுத்தில் வையுங்கள். பெயரை மட்டும் அடுத்த வரியில் பெரிதாக விடுங்கள்.

சுழிகள் அடைபடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டும் தடித்த அலங்கார எழுத்தில் 14 பாயிண்டுக்குக் கீழே ஒன்று போலவே இருக்கும். உள்வெளி அடைந்து, கறுத்த கட்டியாகத் தெரியும். 'கண்ணன்' என்ற பெயரில் இரண்டும் வருவதால் அதை அடித்துப் பார்த்தாலே எழுத்துரு தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். பழைய வடிவங்களும் ஒரு வம்பு. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வடிவத்தை விட்டு இணைக்கொம்போடு வருகின்றன. பழமைத் தோற்றத்துக்காகச் சில அலங்கார எழுத்துருக்கள் தும்பிக்கை 'லை'யை வைத்திருக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைப்பில் பழைய 'லை', கீழே 'காலை' என்ற சொல்லில் புதிய 'லை' என்று ஒரே அட்டையில் இரண்டும் வந்தால் அச்சுப்பிழை போலத் தெரியும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கணினியில் நடக்கும் கோளாறு. அழகான தமிழ் அலங்கார எழுத்துருக்களில் பல, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தையவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியாக்கம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினி ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்டும். முழுவதும் இப்படி மாறினால் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். ஆபத்து எங்கே என்றால், ஏறக்குறைய ஒத்த இரண்டு குறியாக்கங்களுக்கு இடையே மாறும்போது. பெரும்பாலான எழுத்துகள் சரியாக வந்து, அபூர்வமாக வரும் 'ஙு', 'ஜூ', 'க்ஷ' மட்டும் வேறொன்றாக மாறி நிற்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள், 500 அட்டை அச்சாகி வந்த பிறகு பெரியப்பா கண்டுபிடிப்பார். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. அலுவலகங்கள் மாறின, அழைப்பிதழ் மேசை இன்னும் முழுக்க மாறவில்லை. பழைய எழுத்துருவைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் மாற்றிக் கருவியை நம்பாமல் பெயர்களை அந்த எழுத்துருவிலேயே நேரடியாக அடியுங்கள். நான்கைந்து சொற்கள்தானே.

யூனிகோடு எழுத்துருவாக இருந்தாலும் மென்பொருள் ஒத்துழைக்க வேண்டும். கோரல் டிராவின் பழைய பதிப்புகளில் 'கொ' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தனியாக நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு வரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதே கதி. 'ஸ்ரீ' தனிக் கதை. ஸகரத்தில் தொடங்கியும் இதை அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். நல்ல எழுத்துருவில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாக வரும். அரைகுறை எழுத்துருவில் ஒன்று கூடும், மற்றது 'ஸ்', 'ரீ' என்று பிரிந்து நிற்கும். அட்டையின் உச்சியில், பிள்ளையார் சுழிக்குக் கீழே வருவதே இதுதான். அங்கேயே உடைந்தால் பார்க்கச் சகிக்காது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் பழக்கமும் 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றைப் பிரித்துவிடும். கொம்பையும் காலையும் எழுத்தைவிட்டு விலக்கும். தமிழ்ச் சுருளெழுத்தில் இடைவெளி எண் சுழியமாகவே இருக்கட்டும்.

ஆங்கிலப் பக்கத்திலும் அதே சுழியம்தான், காரணம் வேறு. ரவுண்ட்ஹேண்டில் ஒவ்வோர் எழுத்தின் வெளிவரும் இழையும் அடுத்த எழுத்தின் நுழையும் இழையைத் தொட வேண்டும். சிறிது இடைவெளி கூட்டினாலும் ஒவ்வொரு மூட்டும் அறுந்துபோகும். அடுத்த தவறு பட்டங்கள். 'எம்.பி.பி.எஸ்., எம்.டி.' என்பதைப் பெயருக்குப் பின்னால் சுருளெழுத்தின் பெரிய எழுத்துகளில் போட்டால் முள்வேலி மாதிரி இருக்கும். அந்தப் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் சொல்லின் தொடக்கத்தில், சிறிய எழுத்துகளுக்கு முன்னால் தனியாக நிற்க வரையப்பட்டவை. இரண்டு சேர்ந்து நின்றாலே ஒன்றின் சுருள் மற்றதைக் குத்தும். பட்டத்தை நேராக நிற்கும் எழுத்தில், பெயரின் அளவில் பாதியளவு வைத்துப் பாருங்கள். பெயரும் தெரியும், படிப்பும் தெரியும். முன்னெழுத்துகளுக்கும் இதே விதி. அளவிலும் ஓர் ஏமாற்று உண்டு. இந்த எழுத்துகளில் சிறிய எழுத்தின் உடல் மிகக் குள்ளம். 16 பாயிண்ட் என்று எண் சொன்னாலும் கண்ணுக்கு 9, 10 பாயிண்ட் போலத்தான் தெரியும். அதனால் 18க்குக் கீழே சுருளெழுத்தில் எதையும் அடிக்க வேண்டாம். பக்கத்தில் 14 பாயிண்ட் தமிழ் நின்றால் ஆங்கிலப் பெயருக்கு 22, 24 கொடுத்தால்தான் சமமாகத் தெரியும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தைக் 'கர்வ்' ஆக்குவது, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றுவது, எல்லாருக்கும் தெரிந்ததே. ஆக்கிய பிறகு வரும் ஒரு பிழை பலருக்குத் தெரியாது. சுருளெழுத்தில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் மூட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். கர்வ் ஆக்கி, எல்லாவற்றையும் 'கம்பைன்' கொடுத்தால், ஏறிய இடங்கள் ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்ன வெள்ளை அரிசி. திரையில் சிறிதாகப் பார்க்கும்போது தெரியாது. லேசர் வெட்டிலோ பிளாட்டரிலோ போனால் அந்த இடத்தில் கத்தி எழுத்துக்குக் குறுக்கே ஓடி, பெயர் துண்டு துண்டாக விழும். 'கம்பைன்' கூடாது, 'வெல்டு' கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு நிரப்பு வண்ணத்தை எடுத்துவிட்டு வெறும் ஓரக்கோட்டில் பாருங்கள். மூட்டுகளில் கோடு குறுக்கே ஓடாமல் ஒரே தொடராக இருந்தால் சரி. சுழிகளின் உள்வெளி காணாமல் போயிருக்கிறதா என்பதையும் அதே பார்வையில் பார்த்துவிடலாம். முக்கியமாக, கர்வ் ஆக்காத மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். கடைசி நேரத்தில் 'வரவேற்பு மாலை 6 மணிக்கு இல்லை, 6.30க்கு' என்று மாறும்.

இப்போது மயிரிழைக்கு வருவோம். திரையில் மிக அழகாகத் தெரிவதும் அச்சில் முதலில் சாவதும் அதுதான். ஓர் எழுத்துருவின் மிக மெல்லிய கோடு, எழுத்துரு வரையப்படும் 1000 அலகுக் கட்டத்தில் 15 அலகு என்று வைத்துக்கொள்வோம். 24 பாயிண்டில் அடித்தால் அந்தக் கோட்டின் கனம் 0.36 பாயிண்ட். 14 பாயிண்டில் 0.21 தான். ஒரே வண்ணத்தில், வழவழப்பான ஆர்ட் போர்டில், ஆஃப்செட்டில் அடித்தால் 0.25 பாயிண்ட் கோடு வரை தாங்கும். சூட்டில் தங்கத் தாளை ஒட்டும் ஃபாயிலுக்கு 0.5 பாயிண்டாவது வேண்டும், வலை வழியே மை இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு 0.75 இருந்தால் நிம்மதி. அடர்ந்த பின்புலத்தில் வெள்ளை எழுத்தாக விடுவதற்கும் அதே 0.75. அந்தக் கணக்கில், மேலே சொன்ன எழுத்துருவை ஃபாயிலில் அடிக்க 34 பாயிண்ட் அளவு தேவைப்படும். அவ்வளவு பெரிதாக வைக்க இடம் இல்லாவிட்டால் கர்வ் ஆக்கிய எழுத்துக்கு அதே வண்ணத்தில் 0.2 பாயிண்ட் ஓரக்கோடு கொடுங்கள். கோட்டின் இரு பக்கமும் 0.1 ஏறி, 24 பாயிண்டிலேயே 0.56 ஆகிவிடும். ஆனால் உள்வெளியும் அதே அளவு குறுகும். எனவே 'ண', 'ஐ', 'ஞ' போன்ற சுழிகள் மிகுந்த எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்து, தேவையான இடத்தில் கையால் திறந்துவிட வேண்டும்.

ஃபாயிலில் சூடுதான் எஜமானன். எழுத்தைச் செதுக்கிய உலோக அச்சான பிளாக் அதிகம் சூடானாலோ, அட்டை மேல் அதிக நேரம் அழுந்தினாலோ தங்க இழை சுழியின் வாயை மூடிக்கொண்டு ஒட்டும். சூடு குறைந்தால் மெல்லிய இழை ஒட்டாமல் விட்டு விட்டு வரும். தடித்த தலைப்பும் மெல்லிய பெயரும் ஒரே பிளாக்கில் இருந்தால் தலைப்புக்குச் சரியான சூடு பெயருக்கு அதிகம், பெயருக்குச் சரியானது தலைப்புக்குப் போதாது. கனம் ஏறக்குறைய ஒத்த எழுத்துகளை ஒரே பிளாக்கில் சேர்ப்பதும், முடியாவிட்டால் இரண்டு பிளாக் போடுவதும்தான் வழி. சொரசொரப்பான டெக்ஸ்சர் போர்டில் மயிரிழை பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் அறுந்துபோகும். அந்த அட்டைதான் வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாக இருந்தால் எழுத்தை மாற்றுங்கள்.

ஸ்கிரீனில் தங்க மை வேறு விதமான இடக்கு. மெல்லிய கோடு சுத்தமாக விழ நெருக்கமான வலை வேண்டும், சென்டிமீட்டருக்கு 120 இழை போல. தங்க மையில் இருக்கும் உலோகத் துகள் அவ்வளவு நெருக்கமான வலைக்குள் போகாமல் அடைத்துக்கொள்ளும். தளர்ந்த வலை போட்டால் மை இறங்கும், கோட்டின் ஓரம் ரம்பப் பல் போல வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. தங்க மையில் ஸ்கிரீன் என்றால் சீரான கனம் உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை கல்யாண அட்டையில் கறுப்பைத் தவிர்ப்பது நம் வழக்கம். அரக்கும் குங்குமச் சிவப்பும் அதனால்தான் எடுபடுகின்றன. அந்த அரக்கை நான்கு வண்ணக் கலவையில் உண்டாக்கினால் மெல்லிய இழையின் ஓரத்தில் ஒரு வண்ணம் விலகி நிற்கும். கண்ணுக்கு எழுத்து மங்கலாகத் தெரியும், எங்கே தவறு என்று சொல்ல முடியாது. தனி மையாகக் கலந்து ஒரே பிளேட்டில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. 50, 100 அட்டைக்கு டிஜிட்டலில் போவோர் வெளிர் பழுப்பு, வெளிர் தங்கம் என்று வெளுத்த நிறங்களைப் பெயருக்கு வைக்க வேண்டாம். வெளுத்த நிறம் புள்ளிகளாகத்தான் அச்சாகும், மயிரிழை புள்ளிக்கோடாகிவிடும்.

'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம்' என்று தொடங்கும் பத்தி முழுவதையும் சுருளெழுத்தில் போடுவது பற்றி நாங்கள் சொல்லச் சலித்துவிட்டோம். தலைப்பும் மணமக்கள் பெயரும் மட்டும் சுருளில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் 'நோட்டோ செரிஃப் தமிழ்', 'டிரோ தமிழ்' போன்ற நிதானமான எழுத்தில் 11, 12 பாயிண்ட். வரிக்கு வரி 17 பாயிண்டாவது விடுங்கள், மேல்வரியின் 'கு', 'ழு' வால்கள் கீழ்வரியின் 'கீ', 'ரீ' சுழிகளில் இடிக்காமல் இருக்க. இரு ஓரமும் சமமாக இழுக்கும் ஒழுங்கு வேண்டாம். 'சுபயோக சுபதினத்தில்' போன்ற நீண்ட சொற்கள் வரும்போது நடுவில் ஓட்டை விழும். நடுவொழுங்கு வையுங்கள், வரியை நீங்களே பொருள் பார்த்து உடையுங்கள். '9.00' ஒரு வரியிலும் 'மணிக்கு மேல்' அடுத்த வரியிலும் போகக் கூடாது. முகூர்த்த நேரம், தேதி, மண்டப முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றின் எண்கள் ஒருபோதும் சுருளெழுத்தில் வரக் கூடாது. அதில் 1ம் 7ம் ஒன்று போலிருக்கும், 6இன் உச்சி வளைந்து 0 ஆகும். 7.30க்குள் தாலி கட்டும் கல்யாணத்துக்கு 9 மணிக்கு வந்து இறங்கினால் அட்டையைத்தான் திட்டுவார்கள்.

பெயரை நடுவில் வைத்தபின் அளவுகோலை மட்டும் நம்ப வேண்டாம். முதல் எழுத்துக்கு இடப்பக்கம் கொடி நீண்டிருந்தால் மென்பொருள் அந்தக் கொடியையும் சேர்த்து நடுவைக் கணக்கிடும். பெயர் வலப்பக்கம் தள்ளி நிற்பது போலத் தெரியும். கொடியைக் கணக்கில் எடுக்காமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கையால் நகர்த்துங்கள்.

இப்போது அச்சு அட்டையைவிட வாட்ஸ்அப்பில் போகிற படத்தைத்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள். அதைப் படமாக அனுப்பினால் செயலி மறுபடி சுருக்கும்; ஒரு பிக்சல் இழை சாம்பல் நிறக் கறையாகும். பிடிஎஃப் கோப்பாக, 'டாகுமென்ட்' வழியாக அனுப்பினால் சுருங்காது. படமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால் கைப்பேசிக்கென்றே தனியாக, பெயரின் கனத்தைக் கூட்டி ஒரு படி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக எழுத்துரு செய்கிறவர்களுக்கும், அதை வாங்குகிற அச்சகத்தாருக்கும் ஒன்று. விற்பனைப் படத்தில் 'அன்பு', 'அழகு', 'தமிழ்' என்று மூன்று சொல்லைக் காட்டி ஏமாற்றாதீர்கள், ஏமாறாதீர்கள். ஸ்ரீலக்ஷ்மி, கௌரி, மீனாட்சி, எழிலரசி, ஏகாம்பரம், ஓவியா, கண்ணன், முழுமதி, புவனேஸ்வரி, ஹேமா, ஜூலை, 6.00, 7.30 ஆகியவற்றை அடித்து, 14 பாயிண்டிலும் 28 பாயிண்டிலும், அச்சாகப் போகும் அதே அட்டையில் ஒரு புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுங்கள். வாங்குகிறவர்களும் திரையில் பார்த்து ஓகே சொல்லாமல், உள்ளது உள்ளபடியான அளவில் அந்தப் புரூஃபைக் கேட்டு வாங்கி, பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுத்தில் ஒன்று உடைந்தாலும் அந்த முகப்பைப் பெயரில் வைக்க வேண்டாம். 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் 'ண', 'ழை' உடையாமல் வந்தால் மட்டும்.

இப்படிக்கு,
அழைப்பிதழ் வடிவமைப்பு, அச்சுத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
சிவகாசி.